பன்னிரண்டு குறைகிறது

ஹாம் நகரத்துக் கிடங்குக்கு நவம்பர்
காலை ஏழு மணிக்கும் இருட்டோடுதான் வேலைக்கு வரும்.
என் திரையில் ஒரு சிவப்பு வரி:
கேட்டது நாலாயிரத்து எண்ணூறு,
வந்தது நாலாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு.
பெட்டி அறுபத்தொன்று. ஆண்கள் டீ-சர்ட், நடுத்தர அளவு, கடுகு மஞ்சள்.

குறை என்ற சொல்லுக்கு எங்கள் மொழியில் இரட்டைச் சம்பளம்.
இல்லாமல் போனது எது என்றும் சொல்லும்,
பிழை யார்மேல் என்றும் சொல்லும்.
மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் இரண்டையும் அது
ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

ஒன்றுக்கு இரண்டு யூரோ பதினைந்து.
பன்னிரண்டுக்கு இருபத்தைந்து எண்பது.
கண்டுபிடித்ததற்கான கட்டணம் தொண்ணூறு.
கண்டுபிடித்தது என் விரல்.
அது ஒருமுறை கீழிறங்கி ஏற
நாற்பத்தொரு டீ-சர்ட்டும் சில்லறையும்.

அழுத்தினேன்.

திருப்பூரிலிருந்து செல்லியண்ணன் எழுதினார்,
சரக்கு அனுப்பும் பிரிவு.
ஆங்கிலம்தான். ஆனால் வினைச்சொல்லை
வாக்கியத்தின் கடைசிவரை கையில் பொத்தி வைத்திருந்தார்.
இங்கே ஜெர்மன்காரருக்கும் அந்தப் பழக்கம் உண்டு:
முற்றுப்புள்ளி வரும்வரை
நன்றி சொல்கிறார்களா, வழக்குப் போடுகிறார்களா, தெரியாது.
"அந்தப் பெட்டியை நானே தராசில் வைத்து,
ஒன்பது கிலோ நானூறு என்று எழுதி,
அதற்கப்புறமே டேப் ஒட்டினேன், மேடம்."

அவர் பெயரை நான் வாசித்தேன்.
என்னுடையதை, வை. தர்மவதனி, அவரும் வாசித்திருப்பார்.
இருவரும் தமிழில் ஒரு சொல் எழுதவில்லை.
நகல் பதினொரு பேருக்குப் போகிறது.

ஒரு கிழமை கழித்து, சாப்பாட்டு இடைவேளையில்,
பதினான்காம் வாசலுக்குப் போனேன்.
ஏன் என்று கேட்டால் பசிக்கவில்லை என்பேன்.
ஸ்பிக்னியெவ் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு
ஆறாம் தட்டிலிருந்து பெட்டியை இறக்கித் தந்தான்.
பார்சல் நிறுக்கிற தராசு, மூலையில், தூசியோடு.
ஒன்பது கிலோ நானூறு.

டேப்பைக் கிழித்துக் கையால் எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.
ஆப்பிரிக்காவின் அடிவயிற்றைச் சுற்றிவந்த ஈரத்தில்
பன்னிரண்டு சிப்புகள் ஊமையாகியிருந்தன.
எண்ணும் எந்திரம் பெயரைக் கூப்பிட்டிருக்கிறது.
அவை "உள்ளேன்" சொல்லவில்லை.
வராதவர் கணக்கில் எழுதிவிட்டோம்,
வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களை.

கழித்த பணத்தைத் திருப்ப மூன்று கையொப்பம் வேண்டும்.
"இருபத்தைந்து யூரோவுக்கா?" என்றாள் டீட்லிண்டே,
கணக்குப் பிரிவு, பொல்லாதவள் இல்லை.
"இருபத்தைந்து எண்பதுக்கு" என்றேன்.
போட்டாள்.
தொண்ணூறு திரும்பாது.
தேடல் நடந்தது நடந்ததுதான் என்கிறது கையேடு,
நாலாம் அத்தியாயம்.
அவர்களுடைய தரம் ஏ-யிலிருந்து பி-க்கு இறங்கியதும்
அடுத்த காலாண்டு வரை அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் மூன்று வரியில் எழுதி அனுப்பினேன்.
"வருந்துகிறோம்" என்ற சொல்லை
சட்டப் பிரிவு எடுத்துவிட்டது.
இரண்டு வரி போனது.

ஜனவரிச் சரக்கு கப்பலேறும் முன்பே
என் அஞ்சலில் படங்கள் வந்து விழுந்தன.
யாரும் கேட்கவில்லை.
ஒவ்வொரு பெட்டியும் தராசின்மேல்,
எண் தெரிகிறபடி, பக்கத்தில்
ஒரு ரப்பர் செருப்பின் நுனி.
பெட்டிகள் எண்பது.
எண்ணுவது என் தொழில், எண்ணினேன்.
படங்கள் எண்பத்தொன்று.

திரும்ப முதலிலிருந்து திறந்து பார்த்தேன்.
அறுபத்தொன்றை மட்டும்
இரண்டு முறை நிறுத்திருந்தார்.