கடி உயரம்

சோப்ரோனில் எங்கள் பட்டறைக்கு
முகங்கள் வருவதில்லை.
வாய்கள் மட்டும் வரும்,
அட்டைப் பெட்டியில், பிளாஸ்டர் வார்ப்பாக,
மேலும் கீழும் சேர்த்து ரப்பர் வளையம் சுற்றி.

எல்லைக்கு அந்தப் பக்கம் வியன்னாவிலிருந்து
விலை மலிவென்று பஸ் ஏறி வருகிறவர்கள்
மூன்று தெரு தள்ளி நாற்காலியில் சாய்ந்து கிடக்க,
அவர்கள் கடித்துக் கொடுத்ததை நான்
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

டாக்டர் வதாஸின் சீட்டு எப்போதும் சுருக்கம்:
நோயாளி 4417. ஆண். கீழ் வலது, முதல் கடைவாய்ப் பல்.
வேர்ச் சிகிச்சை முடிந்தது.
வெள்ளி காலைக்குள் வேண்டும்.

கிரீடம் என்கிறோம்.
சூட்டுவதற்கு முன்
தலையைச் சுற்றிலும் சீவிக் குறைக்கிற
விசித்திர ராஜ்ஜியம் இது.
நரம்பு எடுத்த பல், உலர்ந்த கட்டை;
ஒரு முரட்டுக் கடியில் பிளந்துவிடும்.
செதுக்கி, முளையாய் நிறுத்தி,
அதன் மேல் கவிழ்க்கிறோம்.
பெயர்தான் கிரீடம்,
பார்ப்பதென்னவோ தலைக்கவசத்தின் வேலை.
ஓரம் ஈறோடு சேருமிடத்தில்
ஒரு முடி நுழைய வழியிருந்தாலும்
சொத்தை அங்கே குடித்தனம் வைத்துவிடும்.

இதெல்லாம் கை தானாகச் செய்யும்.
4417ஐ எடுத்ததும் கை நின்றது.

முன்வரிசையில் ஒரு பல்
பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்திருந்தது,
கடைசி ரயிலில் தூங்குகிறவனைப் போல.
கோரைப்பல்லின் நுனியில் சின்ன வெட்டு:
கத்தரிக்கோல் பையிலேயே இருக்க
தூண்டில் நரம்பைக் கடித்தே அறுத்த பல்.
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

பதினோரு வருடம் அந்த வாய்
என் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

ஜோம்போர்,
எதைக் கடித்தாய்?
பிளம் கொழுக்கட்டையில்
யாரோ எடுக்க மறந்த கொட்டையையா?

சீட்டில் இல்லாத ஒன்று எனக்குத் தெரியும்.
மூன்று மணி வாக்கில் பல்லை நறநறப்பாய்.
பகலில் என்னிடம் சொல்லாமல் விழுங்கியதை எல்லாம்
இருட்டில் திரும்ப எடுத்து அரைப்பாய்.
நான் விழித்துக் கிடப்பேன்.
காலையில் கேட்டால்
"நானா?" என்பாய்.

மறைக்காமல் சொல்கிறேன்:
ஒரு நொடி தோன்றத்தான் செய்தது.
அரை முடி உயரம் கூட்டினால் போதும்,
ஒவ்வொரு கவளத்திலும் உனக்கு இடறுவேன்.
வதாஸ் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி
இரண்டு நிமிடத்தில் தேய்த்துவிடுவார், அதுவும் தெரியும்.
அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் ஆசைப்பட்டேன்.

பிறகு பீங்கானை ஒதுக்கிவிட்டு
சிர்கோனியாக் கட்டியை எடுத்தேன்.
அழகு ஒரு மாற்றுக் குறைவு, உழைக்கும்.
உலையில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்,
அதனால் பெரிதாகவே கடைந்தேன்.
மேடுகளைத் தாழ்த்தினேன்,
பக்கவாட்டில் நீ அரைக்கும்போது
எதிலும் முட்டாமல் வழுக்கிப் போக.
பள்ளத்தில் கேட்காமலே ஒரு துளி பழுப்பு,
சர்க்கரை போடாத அந்தக் காப்பிக்காக.

சீட்டின் அடியில் எழுதினேன்:
இரவில் பல்லுறை அவசியம்.

வெள்ளி மாலை வதாஸ் போனில்:
"எத்தெல்கா, பல்லை அரைக்கிறவர் என்று
உனக்கு யார் சொன்னது?
கேட்டால், 'நானா?' என்கிறார்."

"தேய்மானம்" என்றேன். "வார்ப்பிலேயே தெரிகிறது."
பொய்யில்லை. தெரிந்தது.

"உயரம்?"
"தொடவே வேண்டியிருக்கவில்லை.
போட்டதே தெரியவில்லையாம் அவருக்கு."

அடுத்த பெட்டியைத் திறந்தேன்.
4418. பெண். மேல் இடது.
யாரென்று தெரியவில்லை.
நல்லது.