அரைப்பேர்

வியாழன் ஆறரை. பொகவந்தலாவையில் மழை.
மருந்தகத்து மாடியில்
மூன்றாவது ஜன்னலுக்கு நேரேதான் சிக்னல் நிற்கும்.
நாற்காலியை அங்கே இழுத்துப் போடுகிறேன்.

ஐந்து பெட்டிகள்.
அக்கரைப்பற்றில் சிபானா, வவுனியாவில் தர்மினி,
நானுஓயாவில் கம்பளிக்குள் பெனடிக்ட்,
கேமரா திறக்காத லோஜினி,
மூலையில், நான் பார்க்க விரும்பாத நான்.

இன்று என் முறை.
அவள் பெயரை மாற்றினேன், தோட்டத்தை மாற்றினேன்,
பிள்ளைகளின் தொகையைக்கூட.
பதினெட்டுக் கிலோவை மாற்ற முடியவில்லை.
கொழுந்து குறைந்த நாளில்
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டாராம்.
"அன்னைக்கித்தான் மிஸ்..." என்பாள்,
நின்றுவிடுவாள்.
மூன்று வாரமாக அதே இடத்தில்.

சிக்னல் போனது.
திரும்பி வந்தபோது
சிபானா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்:
"தலய ஆட்டினபடியே உறைஞ்சி நின்டீங்க.
தர்மினி கேள்விய முடிக்கவேயில்ல.
என்னத்துக்கு ஆட்டினீங்க?"

ஒருவரும் பேசவில்லை.
மியூட் போட மறந்திருந்தேன்;
என் தகரத்து மழை
வவுனியா வரைக்கும் பெய்துகொண்டிருந்தது.

மூலைப் பெட்டியைப் பார்த்தேன்.
எல்லாம் விளங்கிவிட்ட முகம்.
நல்ல முகம்தான். கொஞ்சம் அவசரம்.

திங்கட்கிழமை வந்தாள்.
"அன்னைக்கித்தான் மிஸ்..."
சுளுக்குப் பிடித்தவள் மாதிரி
கழுத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன்.
கதவைப் பார்த்தாள்.
காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தாள்.
நெடுநேரம்.
பிறகு
மீதி அரைப்பேரை
அவளே போடத் தொடங்கினாள்.