செயலமர்வு, இரண்டாம் நாள்

வியோரிகா மல்டோவாவிலிருந்து வந்திருக்கிறாள்.
வரைபடத்தில் அவள் நாட்டைத் தேடிய
மூதூர் மீனவர் சங்கச் செயலாளர் றாசிக்கின் விரல்
கருங்கடலில் நனைந்து திரும்பியது.
"கடலே இல்லையா உங்களுக்கு?"
அந்தக் கேள்வியை மட்டும்
நான் வாய் திறக்குமுன் விளங்கிக்கொண்டு
இல்லை என்று தலையாட்டினாள்.

வாக்கியம் அவளுடையது, மூச்சு என்னுடையது.
நாளொன்றுக்கு எட்டாயிரம் ரூபாய்,
தேநீர் வேளையும் அடக்கம்.

திரையில் ஒரு கூட்டுப்பண்ணை கலைந்துகொண்டிருந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், நாலு டிராக்டர்,
ஆளுக்கொரு பங்குச் சீட்டு.
"டிராக்டரில முந்நூறில ஒரு பங்கை
எங்க கொண்டுபோய் நிப்பாட்டுறது?"
சாம்பல்தீவு யோகமலர் கேட்டாள்.
சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டோம்.
சுனாமிக்குப் பின் கிடைத்த படகொன்றில்
ஆறிலொரு பங்கு அவளுக்கு இருந்தது.
இயந்திரம் அடுத்த கட்டத்தில் வருமென்றார்கள்.
அடுத்த கட்டம் வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

வியோரிகாவின் அம்மா அந்தப் பண்ணையின் கணக்காளர்.
ஒன்பது மாதச் சம்பளத்தைச் சீனி மூட்டைகளாய்க் கொடுத்தார்களாம்.
மூட்டைகளை அடுக்கி, மேலே மெத்தை விரித்துப் படுத்தார்களாம்.
"எறும்புகள்தான் எங்கள் முதலாவது தனியார் துறை."

பிறகு ஆலோசகர்கள் வந்தார்கள்,
வியன்னாவிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும்,
சேற்றுக்குப் பழகாத சப்பாத்துகளோடு.
கூடவே, உள்ளே விழும் சீட்டு வெளியே தெரிகிற
வாக்குப்பெட்டிகள்.
தேர்தல் முடிந்து மிஞ்சிய ஒன்றில்
பள்ளிக்கூடச் சமையல்காரி வெங்காயம் போட்டு வைத்தாள்.
"ஒன்று அழுகினாலும் உடனே தெரியும்," என்றாள் வியோரிகா,
"அதுவரைக்கும் எங்களுக்கு அப்படியொரு வசதி இருந்ததில்லை."
கேலியா, நன்றியா?
தெரியாமல் நடுவே ஒரு குரலில் சொன்னேன்.
அது ஒருவரிடமும் போய்ச் சேரவில்லை.

மதியம் பின்வாசலில் ஊர் மான்கள்
சோற்றுப் பொதிக் கடதாசியைத் தின்றுகொண்டு நின்றன.
படம் எடுத்தபடி, யாருடையவை என்றாள்.
நகரசபை என்றார் ஒருவர். கோயில் என்றார் இன்னொருவர்.
"எல்லாருக்கும் ஒரு பங்கு," என்றாள் யோகமலர்,
கை கழுவிக்கொண்டே.

கடற்கரைப் பக்கம் நடந்தபோதுதான் சொன்னாள்:
பத்தொன்பது வயதில் தானும்
ஓர் ஆலோசகருக்கு வாயாக இருந்தவளாம்.
அவர் 'சந்தை' என்பார்.
அவள் ஊரில் சந்தை என்றால் ஞாயிறு காலை,
வாத்து, துருப்பிடித்த ஆணி, அடுத்த ஊர்க்காரனோடு சண்டை.
சந்தை உங்களைக் காப்பாற்றும் என்று அவள் சொன்னதும்
முன்வரிசைக் கிழவர்கள்
அவளைத்தான் இரக்கத்தோடு பார்த்தார்களாம்.

"நீ எதையாவது விட்டுவிடுவாயா?"
"முன்னேற்றம் என்பதை. இரண்டாம் தடவை வரும்போது."
கொஞ்சம் நடந்தபின், மூன்றாம் தடவையும், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"அவர்கள் போட்ட தண்ணீர்க்குழாய்
இன்றைக்கும் ஓடுகிறது. அதை விட்டுவிடாதே."

பின்னேர அமர்வில் றாசிக் கை தூக்கினார்:
"எல்லாம் மாறி முடிய எத்தனை வருஷம்?"
"மூன்று என்று சொன்னார்கள்," என்றாள்.
"எனக்கு இப்போது நாற்பத்தொன்பது."
அதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் கொடுத்தேன்.
மின்விசிறி சுற்றுவது கேட்டது.

முடிக்கையில், தலைப்பைத் தமிழில் சொல்ல ஆசைப்பட்டாள்.
நிலைமாறு காலம்.
உள்ளங்கையில் எழுதி, மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன்.
ஒலிவாங்கியைப் பிடித்து, கவனமாக,
ஓர் எழுத்தை மட்டும் நீட்டி,
"நிலை மாறாக் காலம்," என்றாள்.

கைதட்டினார்கள்.
றாசிக் என்னைப் பார்த்தார்.
திருத்துவதற்கும் சேர்த்துத்தான் அந்த எட்டாயிரம்.
வரவுப் பதிவேட்டைக் குனிந்து
கையெழுத்துப் போடத் தொடங்கினேன்.