குப்பை என்று ஒரு பெயர்

பிரிக்காமாவில், எனக்குக் கல்யாணமாகி
ஒன்பதாவது மழை ஓய்ந்த வெள்ளிக்கிழமை,
நியிமா என்ற பெயரைக் கழற்றி வைத்தேன்.
நல்ல பெயர்தான். அம்மா ஆசையாய் வைத்தது.

அதுவரை குடித்தது கொஞ்சமா?
பலகையில் மையால் எழுதிக் கழுவிய வசனத் தண்ணீர்.
வேர் ஊறிய கசப்பு.
பஞ்சூல் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்
அடுத்த முறை கணவரையும் கூட்டி வா என்றாள்.
அன்சுமானா வந்தான்,
படகுத்துறை வரைக்கும்.
மீன் விலை விசாரித்தான்,
திரும்பிப் போய்விட்டான்.

பிறகு தெனெங்கைக் கட்டினான்.
இரண்டு வருஷத்தில் அவளும்
அதே கிண்ணத்தில் அதே கசப்பைக் குடித்தாள்.
ஊர் அவனுக்காக உச்சுக்கொட்டியது:
பாவம் மனுஷன், வாய்த்த இரண்டு வயலும்
உப்பேறிப் போச்சே.

விதைநெல்லை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

பக்கத்து வளவில் பெயர் சூட்டு.
கைக்குக் கை மாறி வந்த குழந்தை
என்னிடம் வரும்போது மட்டும் சுற்றிப் போனது,
வழியில் குழி கிடப்பதுபோல.

அன்றைக்குத்தான் கன்யலெங் பெண்களிடம் போனேன்.
பெறாதவர்கள், பெற்றதையெல்லாம் புதைத்தவர்கள்,
எண்ணெய் டின்னைத் தட்டி ஆடுகிறவர்கள்.
அன்சுமானாவின் கால்சட்டையை
முன்பின் மாற்றி மாட்டிவிட்டார்கள்.
கழுத்தில் சோடாமூடி மாலை.
சிர்ரா சன்யாங், ஏழைப் புதைத்தவள்,
என் தலையில் தவிட்டைக் கொட்டிச் சொன்னாள்:
இனி நீ குப்பை.
குப்பையை எமனும் சீண்டமாட்டான்,
மாமியாரும் சீண்டமாட்டாள்.
சிரித்துச் சிரித்து விலா வலித்தது.
நடுவில் எப்போது அழுதேன் என்று தெரியவில்லை.

அடுத்த பெயர் சூட்டுக்கு
அதே வளவிலிருந்து ஆள் வந்தது.
நாங்கள் ஆடாவிட்டால் பிள்ளைக்கு ஆகாதாம்!
ஆடினேன்.
படகுத்துறையில் மீன் விலை கேட்ட ஆண்மையைப் பற்றி
வாய்க்கு வந்தபடி பாடினேன்.
ஆண்கள் எல்லாரும்
தேநீர்க் குவளைக்குள் எதையோ தேடினார்கள்.
அன்று சுற்றிப் போன அதே கைகள்
குழந்தையை என் மடியில் கிடத்தின.
அது நிதானமாக
அன்சுமானாவின் கால்சட்டை மேல் மூத்திரம் பெய்தது.

ராத்திரி அதை அலசி
தெருவைப் பார்க்கக் கொடியில் போட்டேன்.
நியிமா, தண்ணி, என்று உள்ளிருந்து குரல்.
யாரைக் கூப்பிடுகிறான் என்று
ஒரு கணம் யோசித்தேன்.

தெனெங் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
ஈரத்துணியின் நுனியைத் திருகிக்கொண்டே,
எனக்கு என்ன பெயர் வைப்பார்கள்? என்றாள்.

தெரியாது.
உமி இன்னும் மிச்சம் இருக்கிறது என்றேன்.