இரண்டு இழுப்பு

தொண்ணூறு ஸ்லைடு வந்து இறங்கியது சாண்டியாகோவிலிருந்து.
"அப்படியே இணையத்தில் ஏற்றிவிடு, நோல்வியா,
மாதக் கடைசிக்குள்."

கெயோன் துறைமுகத்தில் ஜூன் மழை.
பதினோராவது ஸ்லைடில் அமைச்சக முத்திரை,
பன்னிரண்டில் இன்னொரு முத்திரை.
நாற்பத்து மூன்றில்தான்
முதல்முறையாகக் கயிறு வருகிறது.

படிக்கப்போகிறவர்கள் படகில் நிற்பவர்கள்.
கடலடியில் ஒருவன் மட்டி பொறுக்குவான்.
மேலே கம்ப்ரசர் இரையும்.
மஞ்சள் குழாய் வழியே அவனுக்கு மூச்சுப் போகும்.
அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை இவர்கள் கையில்.
அவ்வளவுதான் ஏற்பாடு.

முதலில் நோக்கத்தை எழுதினேன்:
'பாடத்தின் முடிவில் கற்பவர்
கயிற்றுச் சைகைகளைப் புரிந்துகொள்வார்.'
அடித்தேன்.
புரிந்ததை எந்தத் தராசில் நிறுப்பது?
'அறிந்திருப்பார்.' அதுவும் போயிற்று.
மதியம்வரை ஒரு வினைச்சொல்லுக்காக உட்கார்ந்திருந்தேன்.
'பதிலுக்கு இழுப்பார்.'
இது கண்ணுக்குத் தெரியும். இது போதும்.

எண்பத்தொரு ஸ்லைடைத் தள்ளிவிட்டு
மிச்சத்தை நான்கு நிமிடப் படமாக்கினேன்.
லாய்டெக் தீவில் சிக்னல் கிடைப்பது
கல்லறைத் தோட்டத்து மேட்டில் மட்டும்;
அங்கே நனைந்துகொண்டே
ஒருவர் இறக்கிக்கொள்ளக்கூடிய எடை.
ஒரு இழுப்பு: நலம். இரண்டு: மேலே வருகிறேன்.
மூன்று: குழாயைத் தளர்த்து. நான்கு: என்னைத் தூக்கு.
என் சமையலறை மேசைமேல் கஸ்தோன் இழுத்தான்,
நான் படம்பிடித்தேன்.
அழகாகவே வந்திருந்தது.

இருபத்தாறு பேர் பார்த்து முடித்தார்கள்.
எல்லா விடையும் சரி.
அர்மிந்தா மன்சீயா மட்டும்
மூன்றாம் நிமிடத்தில் நின்றாள்.
திரும்ப வந்தாள். நின்றாள்.
பதினொரு முறை.
வரைபடத்தில் அந்த இடம் குன்றாகப் புடைத்திருந்தது.
'கற்பவருக்குக் கடினம்' என்று அறிக்கையில் எழுதினேன்.
வேகத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி
இன்னும் எளிதாக ஒன்று செய்து அனுப்பினேன்,
கூடவே ஒரு சிரித்த முகம்.

அவள் குரல் வந்தது. பின்னால் மோட்டார், காற்று.
"அம்மணி, உங்கள் மேசை ஆடவில்லை.
என் கையில் இரண்டு உறை. கயிறு ஊறிப்போனது.
அலையும் இழுக்கிறது, அவனும் இழுக்கிறான்.
எது கடல், எது என் தம்பி ஓசியேல்?
அதை நீங்கள் கேட்கவே இல்லையே."

முப்பத்தொன்பது நொடி.
அதை நான் எத்தனை முறை கேட்டேன் என்று
எந்த வரைபடமும் காட்டாது.

புதிய பாடம் ஒரே பக்கம்;
பெரும்பாலும் திரைக்கு வெளியே நடப்பது.
கயிற்றைத் தண்ணீரில் ஊறவை. கதவிடுக்கில் விடு.
அந்தப் பக்கம் யாரையாவது நிறுத்து.
அவர் சும்மா ஆட்டட்டும், அலைபோல, சோம்பலாக.
நினைத்துக்கொண்டாற்போல் நடுவில் இழுக்கட்டும்.
நான் அனுப்பும் இரைச்சலை முழுச் சத்தத்தில் வை.
உறை மாட்டு. கண்ணை மூடு.
தப்பினால் தப்பட்டும்,
கூடத்தில் யாரும் மூழ்குவதில்லை.
இன்று இருபது முறை. நாளை இருபது.
பிறகு ஒரு வாரம் விட்டு,
கை மறக்கத் தொடங்கும்போது, மறுபடி.

"பார்த்த நிமிடங்கள் ஏன் இவ்வளவு குறைந்தன?"
என்று கேட்டது சாண்டியாகோ.
பதில் எழுதத் தொடங்கி
இன்னும் முடிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு கேள்வி அனுப்பினேன், ஒலி மட்டும்:
மோட்டார், தண்ணீர்,
நடுவே மரத்தில் கயிறு உரசும் சத்தம்.
கடலா, ஆளா?

வடக்குக் காற்று. துறைமுகம் மூடிக்கிடந்தது.
நான்கு நாள் அவள் பெயரருகே
பச்சைப் புள்ளி எரியவில்லை.
மேசையில் வைக்க மனமில்லாமல்
கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு
சமைத்தேன், தூங்கினேன்.

ஐந்தாம் நாள் விடியுமுன் அது அதிர்ந்தது.
இரண்டு முறை.

"ஆள்."

"ஆனால் உங்கள் அலை பொய், அம்மணி.
நிஜ அலை ஒன்று பதிந்து அனுப்பட்டுமா?"