காலாவதித் திகதி

மருந்துக்கு உண்டு.
பால்மாவுக்கு உண்டு.
என் வேலையே அதுதான்:
வெள்ளவத்தையில், காலி வீதிப் பாமசியில்,
மாதத்தின் கடைசிச் சனியன்று
தட்டுத் தட்டாய் இறக்கி
பெட்டிகளின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்து
இலக்கம் தேடுவது.
முடிந்தவை சிவப்புக் கூடைக்குள்.

முதலாம் குறுக்குத் தெருவில்
ரிமோட்டுகளும் சார்ஜர் வயர்களும் குவிந்த மேசையில்
நாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய
ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸை
எப்படித் திருப்பினாலும் திகதி இல்லை.
யாரோ ஊசியால் கீறிய இரண்டெழுத்து.
உள்ளே, கண்ணாடியின் ஓரத்தில்,
கடற்காற்று நட்ட ஒரு பூஞ்சை இழை.

நிஸ்தார் சிரித்தான்.
அவனுடைய கமெரா கண்ணைத் தானே தேடும்.
காகம் என்றாலும் கண், பூனை என்றாலும் கண்,
காலிமுகத்திடலில் ஓடும் பிள்ளையைச்
சின்னப் பச்சைச் சதுரம் விடாமல் துரத்தும்.
"ஓட்டோ நிக்கேக்க
நடந்து போற ஆள் நீ" என்றான்.
உண்மைதான்.
அவன் மகளின் ஐந்தாம் பிறந்தநாளில்
நான் எடுத்தவை நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டில் கேக் மட்டும் தெளிவு.
அதைப் பற்றி வாதாட நான் வரவில்லை.

ஆனால் அந்த வளையம்
ஒவ்வொரு முறையும் கேட்கிறது:
எவ்வளவு தூரம்?
கேட்டுக் கேட்டு எனக்கு அளவுகள் பழகிவிட்டன.
கவுண்டருக்கு இப்பாலிருந்து அப்பால், ஒரு மீற்றர் இருபது.
மூலத்துக்கு மருந்து கேட்பவர்
குனிந்து அதைத் தொண்ணூறு சென்ரிமீற்றராக்குவார்.
கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு வந்தவள்
இரண்டு மீற்றரில் நின்று
பற்பசைகளை வாசிப்பாள்.
மேல்மாடி பெனடிக்டா, கணவர் போன பிறகு,
வாசலோடு சரி. மூன்றரை.
இவர்களை நான் படம் எடுப்பதில்லை.
விரல் மட்டும் சட்டைப்பைக்குள்
தன்பாட்டில் திரும்பிக்கொள்ளும்.

போன ஒக்டோபர், மழை.
ஐந்தரைக் கோச்சி வந்து நின்றது.
நீர் வழியும் ஜன்னலுக்குள் ஒருத்தி
சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் முகம் பார்த்துப்
பொட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள்.
நிஸ்தாரின் கமெரா தடுமாறியது:
துளி. முகம். துளி. கம்பி. துளி.
நான் இரண்டரையில் வைத்து அழுத்தினேன்.
கோச்சி வெளிக்கிட்டது.
அவனிடம் அப்பழுக்கில்லாத ஒரு மழைத்துளி.
என்னிடம் மூடி தெளிவு,
அதற்குள் பாதிப் பொட்டு. அவள் இல்லை.
யார் வென்றது என்று இருவரும் கேட்கவில்லை.
எதிர்க்கடையில் மீன் ரோல்ஸ் சூடாக இருந்தது.

இன்னுமொரு குறை, மறைப்பானேன்.
இடையில் மாட்டிய இரும்பு வளையம் மலிவுச் சாமான்.
முடிவிலிக் குறி, அந்தப் படுத்த எட்டு,
போய்ச் சேரமுன்னமே திரும்பல் முட்டிக்கொள்கிறது.
கப்பல்கள் மங்கல். அடிவானம் மங்கல்.
எழுபது மீற்றருக்கு அப்பால்
என்னிடம் எந்தச் செய்தியும் கேட்காதீர்கள்.

இன்று கடைசிச் சனி.
இருமல் பாணி ஆறு, கண்சொட்டு இரண்டு.
கூடைக்குள் அவற்றின் மேல்
என் லென்ஸ், மூடியோடு.
நிஸ்தார் அலுமாரிப் பக்கம் திரும்பி நிற்கிறான்,
தோள் மட்டும் குலுங்குகிறது.

எடுத்துத் துடைத்து மின்குமிழுக்குப் பிடித்தேன்.
இழை ஒரு மயிரளவு நீண்டிருக்கிறது.
அதுவும் ஒரு திகதிதான்,
இலக்கம்தான் இன்னும் எழுதப்படவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.
நிமிராமலே சொன்னேன்: மூன்றரை.

நிமிர்ந்தேன்.
பெனடிக்டா. மூன்று.