ஐந்தாவது முழங்கை

ஆ லியோங் கடையில்
அரை அங்குலக் குழாய் பன்னிரண்டு அடி,
முழங்கை இணைப்பு நான்கு கேட்டேன்.
"எந்த டாய்லெட்டுக்கு?" என்றான்.
ஆற்றுக்கு என்றேன்.
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"ஆறெல்லாம் அரசாங்கம் பாத்துக்கும்லா."

செந்தூல். பதினான்காம் மாடி.
நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி.
இடக்கோடியில் உறிஞ்சும் பஞ்சு இரண்டு
வலக்கோடியில் துப்பும் மோட்டார் இரண்டு
மேலே ஓடிவந்த நீர்
சரளைக்கு அடியில் குழாய்க்குள் புகுந்து
கிளம்பிய இடத்துக்கே திரும்பும்.
கடலே பார்க்காத ஆறு.

இணைப்புகளுக்குப் பசை போடவில்லை.
இறுக்கிச் செருகினால் போதும்,
அடைத்துக்கொண்டால் கழற்றிக் கழுவலாம்.
என் கல்யாணத்துக்கு முன்
யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

கற்கள் சுங்கை பூலோவில் வாங்கியவை,
கிலோ இரண்டு ரிங்கிட்.
பாசி பிடிக்கட்டும் என்று
பால்கனி வெயிலில் வாளித் தண்ணீரில் போட்டுவைத்தேன்.
ஏடிஸ் சோதனைக்கு வந்த அதிகாரி
டார்ச் அடித்து ஒவ்வொரு வாளியாகக் குனிந்தார்.
"கல்லை எதற்கு ஊறவைக்கிறீர்கள்?"
சமைக்கத்தான் என்று வாய்வரை வந்துவிட்டது.
அபராதம் போடவில்லை.
வாளியை மூடச் சொன்னார்.
மூடினால் பாசி வராது.
கொசுவலை கட்டினேன்.

மூன்றாவது வாரம் கற்கள் பச்சையாயின.
நாலாவது வாரம் அவை வந்தன.
யாரோ பெருவிரலால் அழுத்தி நசுக்கியதுபோல் தட்டையான மீன்கள்.
கடைச் சீட்டில் ஏதோ தீவின் பெயர்.
நான் அயிரை என்றேன்.
குழம்பு வாசம் அடிக்கும் சொல்தான்,
அவற்றுக்குத் தமிழ் தெரியாது.

வேகம் அதிகமான இடத்தில் ஒட்டிக்கொண்டு
அயிரைகள் கல்லை மேயும்.
அவற்றுக்கு மேலே வரிமீன்கள் பத்து
ஏழரை மணிக் கூட்டம்
ரயில் வரும் பக்கமே பார்த்து நிற்பதுபோல்
ஒரே திசையில் முகம் வைத்து
நீந்தி நீந்தி
அதே இடத்தில்.

"ஆறு பாக்கணும்னா கீழ இறங்கிப் போ,
கோம்பாக் ஓடுது" என்பாள்
பக்கத்து அறை பிரமிளா.
பார்த்திருக்கிறேன்.
இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர்.
அதற்கும் யாரோ குழாய் வாங்கியிருக்கிறார்கள்.

வியாழன் இரவு பத்துமணி.
சோபாவில் தூங்கிப்போயிருந்தேன்.
நின்றுபோன சத்தம் ஒன்று என்னை எழுப்பியது.
விசிறி இல்லை, விளக்கு இல்லை.
எதிர்க் கட்டடமும் இருட்டு.
கைப்பேசி வெளிச்சத்தைத் தொட்டியில் அடித்தேன்.

வரிமீன்கள் பத்தும் பத்துப் பக்கம்.
ஒன்று சுவரைப் பார்க்கிறது
ஒன்று என்னை
இரண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு
முதன்முதலாக அறிமுகம் ஆனதுபோல்.
அயிரை ஒன்று கண்ணாடியில் வழுக்கி இறங்கியது.
இன்னொன்று நீர்மட்டத்துக்கு வந்து
வாயைத் திறந்து திறந்து மூடியது.

தோள்வரை கையை விட்டேன்.
வலமிருந்து இடம், வலமிருந்து இடம்.
நான்கு முழங்கை சும்மா கிடக்க
ஐந்தாவது வேலைசெய்தது.
ஐம்பது தள்ளல், ஓய்வு.
முப்பது, ஓய்வு.
ஆறாக இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று
எந்தக் கடையிலும் சொல்லவில்லை.

லிஃப்டும் இல்லாமல்
பதினான்கு மாடி ஏறி வந்தாள் பிரமிளா.
தாதியர் சீருடை முதுகில் ஒட்டியிருந்தது,
காலணி கையில்.
எதுவும் கேட்கவில்லை.
மூச்சு வாங்கியபடியே மணி பார்த்தாள்,
கைக்கடிகாரத்தைக் கழற்றினாள்.
"நகரு."

மாறி மாறித் தள்ளினோம்.
அவள் கை சீராக ஓடியது,
என்னுடையது வெள்ளமும் வறட்சியுமாக.

பன்னிரண்டு பத்துக்கு விளக்கு வந்தது.
கீழ்வீட்டில் கக் ரொஹானியின் தொலைக்காட்சி
பாதி வாக்கியத்திலிருந்து பேசத் தொடங்கியது.
மோட்டார் ஒருமுறை இருமி, ஓடியது.
வரிமீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி
தத்தம் இடத்தில் நின்றன.

கையை எடுக்கப் போனேன்.
மணிக்கட்டின் உட்புறத்தில் குளிர்ந்த சிறு பாரம்.
அயிரை.
கல் என்று நினைத்திருக்கும்.

பிரமிளா குனிந்து பார்த்தாள்.
"அசையாதே" என்றாள்,
"நாடி எண்ணுது."